மெர்வின் டக்கெட்டின் காது

கவென்ட்ரி வட்டாரத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தவர்களில் மெர்வின் டக்கெட்டைப் பிடித்தவர் என்று ஒருவரும் கிடையாது. அவரைக் கேட்காமல் கார் வாங்கியவரும் கிடையாது. மனிதர் எதிரே வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள். இன்ஜினில் ஏதாவது முனகல் கேட்டால் அதே தெருவைத் திரும்பக் கடந்து வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

காரணம் அவருடைய காது. இன்ஜின் தொழிற்சாலை ஒன்றில், புதிதாகக் கோத்த இன்ஜின்களை முழு வேகத்தில் ஓட விட்டுச் சோதிக்கும் கூடத்தில், தொழிற்சாலை மூடும்வரை வேலை பார்த்தவர். கருவிகள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அவர் கண்டுபிடிப்பார். "மூணாவது சிலிண்டர், வால்வு இறுகிக் கிடக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். காதில் வைத்துக்கொள்ளக் கம்பெனி பஞ்சு கொடுத்தது. "காதை அடச்சுக்கிட்டுக் கேளுன்னா எப்படிக் கேக்குறது? மூக்கைப் பொத்திக்கிட்டுக் கருவாடு வாங்குவியா நீ?" என்று மேற்பார்வையாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்படியாக, அவருக்குப் பேர் வாங்கித் தந்த இரைச்சலே அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டும் இருந்தது. அவருக்கு அது தெரியாது. எல்லா ஓசையையும் கேட்டவருக்குத் தன் காதுக்குள் நடந்த சாப்பாடு மட்டும் கேட்கவில்லை.

கார்க்காரர்களின் சங்கத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று இருப்பதுபோல 'காது' என்றும் ஒரு பதவி இருந்தது. மெர்வினுக்காக உண்டாக்கியது, மெர்வினைத் தவிர யாரும் வகித்ததில்லை. தலைவர் வேறொருவர் என்றாலும் 'தலைவரே' என்று எல்லோரும் கூப்பிட்டது மெர்வினைத்தான். ஏப்ரல் முதல் ஞாயிறு காலையில் கிராமத்து மதுக்கடை ஒன்றின் பின்முற்றத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து போட்டுவிட்டு, பன்றிக்கறி வைத்த பன்னும் தேநீருமாக இன்ஜின்கள் நன்றாகக் குளிரும்வரை காத்திருப்பார்கள். குளிர்ந்த இன்ஜின் பொய் சொல்லாது என்பது அவர்கள் வேதம். பிறகு ஒவ்வொன்றாகக் கிளப்புவார்கள். மெர்வின் கண்ணை மூடிக்கொண்டு வரிசையோடு நடந்து தீர்ப்புச் சொல்வார். எல்லாவற்றுக்கும் முதலில் அவருடைய காரைக் கிளப்புவது வழக்கம். சரியான ஓசை எது என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா?

வரிசையிலேயே மோசமான காருக்குத் 'தங்கக் குழாய்' கிடைக்கும். ஓக் பலகையில் அடித்து வைத்த, வெடித்துப்போன பழைய எக்ஸாஸ்ட் மேனிபோல்டு அது. இன்ஜினின் எல்லா வாயிலிருந்தும் வரும் சூட்டுப் புகையை வாங்கி ஒரே குழாயில் தள்ளும் வார்ப்பிரும்புக் கைக்குத் தங்க நிறப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வாங்கியவர் ஒரு வருஷம் அதை வீட்டு வாசல் நடையில் மாட்டி வைக்க வேண்டும். சங்கத்தார் யாரும் எப்போது வேண்டுமானாலும் தேநீருக்கு வந்து, மாட்டியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

போன வருஷம் அதை வாங்கியவர் ஆல்சப். ஓய்வு பெற்ற பல் டாக்டர், சாது. அவர் காரில் எக்ஸாஸ்ட் கசிந்தது. தாமே சரிசெய்கிறேன் பேர்வழி என்று மேனிபோல்டைக் கழற்றி, இன்ஜினோடு ஒட்டும் அதன் முகத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல ஆக்கியிருந்தார். அங்கேதான் வினை. அந்த வகை இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் குழாயும், புகை வெளியே வரும் குழாயும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே நட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். நட்டுக்கு அடியில் தடித்த வாஷர் ஒன்று, அதன் மேல் ஒரு காலும் இதன் மேல் ஒரு காலுமாக நின்று இரண்டையும் அமுக்கும். ஒன்று இளைத்துப்போனால் வாஷர் பருத்ததன் மேல் ஏறிச் சாய்ந்துகொள்ளும். இளைத்தது பிடி இல்லாமல் நின்று கசியும். குடும்பங்களிலும் இப்படி உண்டு. அதை மெர்வினிடம் சொல்லத்தான் ஆள் இல்லை.

"டாக்டர், பல்லுன்னு நெனச்சுத் தேய்ச்சிட்டீரு போல" என்றார் மெர்வின், கூட்டம் முழுவதும் கேட்கும்படி. "டிக் டிக்னு அடிக்குது, கேக்கலையா? ஒரு வழிதான் இருக்கு. காது கேக்காதவனாப் பாத்து வித்துடும்."

கூட்டம் சிரித்தது. எக்ஸாஸ்ட் கசியும் எந்தக் காருக்கும் மெர்வின் சொல்லும் தீர்ப்பு அது. வருஷா வருஷம் சிரிப்பார்கள். தன் காருக்கு அது வராத நிம்மதியில் வரும் சிரிப்பு என்பதால் பழகிப்போய் மங்குவதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் டாக்டரின் மனைவி மார்ஜரி இறந்துபோனாள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் தங்கக் குழாயின் அடியில் நின்றுதான் கோட்டைக் கழற்றினார்கள். மெர்வின் தமது கோட்டைக் கழற்றியபின் பலகையை ஒரு விரலால் நகர்த்தி, "கோணலா இருந்துச்சு டாக்டர்" என்று நேராக்கிவிட்டு, சாண்ட்விச் இருந்த மேசைக்குப் போனார். டாக்டர் "நன்றி மெர்வின்" என்றார். அந்த ஊரில் அதைவிடக் கனமான வசை கிடையாது. மெர்வினுக்கு அது நன்றியாகத்தான் கேட்டது.

மார்ச் மாதம் ஒரு காலையில், மெர்வின் காரை ஊருக்குள் ஓட்டிப் போய்த் திரும்பிய மறுநாள், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே அவர் மனைவி பெரில் சொன்னாள்:

"நேத்து நீ காரைக் கிளப்புறப்போ டிக் டிக்னு ஒரு சத்தம் வந்துச்சே, என்ன அது?"

"என்ன டிக் டிக்?"

"கடிகாரம் மாதிரி. கொஞ்ச நேரத்துல நின்னுபோச்சு."

மெர்வின் செய்தித்தாளை இறக்கவில்லை. "உனக்கெங்கடி காது இருக்கு? காது இருந்தா அந்தத் தேவாலயத்துல அப்படிப் பாடியிருப்பியா?"

அதற்கும் ஒரு கதை உண்டு. பெரில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவள். நடுவயதில் ஒரு கிறிஸ்துமஸுக்குத் தனியாகப் பாடும் வாய்ப்பு வந்தது. முடிந்து கீழே இறங்கியதும் பாதிரியார் முன்னிலையில் மெர்வின், "மேல போறப்பல்லாம் சுருதி இறங்குது. பெல்ட் நழுவுற மாதிரி" என்றார். உண்மையைச் சொன்னதாகத்தான் நினைத்தார். அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு பெரில் பாடவில்லை. பாத்திரம் கழுவும்போதுகூட இல்லை. வீடு அமைதியாக இருப்பதாக மெர்வின் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

பெரில் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். மெர்வின் காரேஜுக்குப் போனார்.

ராத்திரி முழுக்கக் குளிர்ந்திருந்த இன்ஜினைக் கிளப்பினார். கண்ணை மூடினார். நாலு சிலிண்டரும் பட்டுத் துணி வழுக்குவதுபோல ஓடின. டிக்கும் இல்லை, டாக்கும் இல்லை. பொம்பளைப் பேச்சு என்று கண்ணைத் திறந்தவருக்கு, மேனிபோல்டு இன்ஜினோடு சேரும் இடத்தில் விசிறிபோல விரிந்திருந்த கரி கண்ணில் பட்டது. புகை வெளியேறும் இடத்தில்தான் கரி படியும். கண் பார்த்ததைக் காது கேட்கவில்லை.

அவர் காரேஜில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். சில சங்கதிகள் அப்போது வரிசையாக நினைவுக்கு வந்தன. பின்தோட்டத்தில் பறவைகளே கூவுவதில்லை என்று, வயல்களில் மருந்தடிக்கும் விவசாயிகளைத் திட்டி அவர் பத்திரிகைக்கு எழுதியிருந்தார். அடுப்பில் கெட்டில் விசில் கெட்டுப்போனதென்று புதிதாக ஒன்று வாங்கினார். அதுவும் கெட்டே வந்தது. போன மாதம் டாக்டரம்மா ஒருத்தி அவர் தலையில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னாள். வெகுநேரம் ஒன்றும் கேட்காததால், "முதல்ல உங்க மிஷினை ரிப்பேர் பண்ணுங்கம்மா" என்று அறிவுரை சொல்லிவிட்டு வந்திருந்தார். கீழ்ச் சத்தங்கள் எல்லாம் கேட்டன. லாரி கேட்டது, ஆண் குரல் கேட்டது, இன்ஜினின் உறுமல் கேட்டது. கீச்சென்றும் டிக்கென்றும் மேலே போகும் சத்தங்கள்தான் அவருக்குத் தெரியாமலே வீட்டைக் காலி செய்திருந்தன.

ஏப்ரல் முதல் ஞாயிறு மூன்று வாரத்தில். முதலில் கிளப்புவது அவர் கார். ஊர் முழுக்க டிக் கேட்கும். அவர் ஒருவருக்கு மட்டும் கேட்காது. காது போனதுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. காது என்னும் பதவி போய்விட்டால் தமக்கு என்ன மிச்சம் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

மறுநாளே வேலையை ஆரம்பித்தார். கார்புரேட்டர்களை இறக்கினார். துருப்பிடித்த நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊற வைத்தார், சூடு காட்டினார், திரும்ப எண்ணெய் விட்டார். ஒன்றைத் தவிர எல்லாம் வந்தன. அந்த ஒன்று, தான் ஏறியிருந்த இரும்பு ஆணியான ஸ்டட்டோடு முறிந்தது. முறிந்த துண்டைத் துளை போட்டு வெளியே எடுப்பதற்குள் விரல் முட்டியில் தோல் போயிற்று. கெட்ட வார்த்தைகள் தீர்ந்து, தொழிற்சாலைக் காலத்து வார்த்தைகளைத் தூசி தட்டி எடுக்க வேண்டியதாயிற்று. மேனிபோல்டின் முகத்தில் நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்தார். நடுவே வெளிச்சம் தெரிந்தது. வளைந்திருந்தது.

கனத்த கண்ணாடியில் உப்புத்தாளை ஒட்டி, மேனிபோல்டைக் கவிழ்த்துத் தேய்க்க ஆரம்பித்தார். எட்டுப் போடுவதுபோல, ஒரே அழுத்தத்தில். டாக்டரின் தப்பு அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்ள மற்றவர்கள் தடிமனை அளக்கும் கருவி வைத்திருந்தார்கள். மெர்வினிடம் அது இல்லை. "அளவுகோல் காது இல்லாதவனுக்கு" என்று சொல்லியே வாழ்ந்தவர். கொஞ்சம் தேய்ப்பது, மாட்டுவது, கிளப்பிக் கேட்பது, பிசகினால் வாஷரின் ஒரு காலை அரம் போட்டுச் சரிசெய்வது. அவர் முறை அது. முறையில் தப்பில்லை. அதில் கேட்பது என்று ஒரு பகுதி இருந்தது, அவ்வளவுதான்.

பயம் வேறு கையை நிறுத்த விடவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தேய்த்தார். பக்கத்து வீட்டு வெஸ்டன் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்ன தலைவரே, உங்க காருக்கே வைத்தியமா?" என்றதற்கு, "பாலீஷ் போடுறேன்யா, ஒன் வேலையப் பாரு" என்றார்.

இரண்டு இரும்புக்கும் இடையே புகை கசியாமல் வைக்கும் தகடான கேஸ்கெட்டைப் புதிதாக வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நட்டுகளை முறையாக இறுக்கி, கார்புரேட்டர்களை ஏற்றினார். ஒரு ராத்திரி குளிர விட்டார். காலையில் பெரிலைக் கூப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து காரேஜுக்குள் அவளை அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"இந்தா, இங்க நில்லு. கிளப்புறேன். அந்தச் சத்தம் இன்னும் வருதான்னு சொல்லு."

"நானா?"

"நீதானே மொதல்ல சொன்ன."

இன்ஜின் ஓடியது. பெரில் ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே தலையைச் சாய்த்துக் கேட்டாள். மெர்வின் அவள் முகத்தையே பார்த்தார். அந்த முகத்தை அவ்வளவு கவனமாக அவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் சிரித்தாள்.

"ஒண்ணும் இல்லையே. வெண்ணெய் மாதிரி ஓடுது."

"நல்லாக் கேட்டுச் சொல்லு."

"எத்தனை தடவை கேட்டாலும் அதான். ரொம்ப நல்லாச் செஞ்சிருக்க மெர்வின்."

ஈரக் கையைக் கேஸ்கெட் பக்கத்தில் நீட்டினால் போதும். கசிவு இருந்தால் ஊதுவது தெரியும். ஊரில் அதைச் செய்யாத மெக்கானிக் இல்லை. ஆனால் அப்படிக் கையை நீட்டுகிறவர்களை மெர்வின் குருட்டுப் பிச்சைக்காரர்கள் என்று கேலி செய்திருக்கிறார். பெரில் பக்கத்தில் நிற்கும்போது அதைச் செய்ய மனசு வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக மனைவி சொன்னதை அப்படியே நம்பினார். நம்புவதற்கு அவர் தேர்ந்தெடுத்த நாள் அது.

ஏப்ரல் முதல் ஞாயிறு வெயிலும் குளிருமாக விடிந்தது. பின்முற்றத்தில் கார்கள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு நின்றன. டாக்டர் ஆல்சப் தங்கக் குழாயைத் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்திருந்தார். பெரில் தலையில் துணி கட்டிக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாக மற்ற மனைவிமாரோடு சேராமல், காரின் பக்கத்திலேயே நின்றாள்.

"தலைவரே, ஆரம்பிக்கலாமா?" என்றார் செயலாளர் நெவில். "சரியான சத்தம்னா என்னன்னு இந்தப் பசங்களுக்குக் காட்டுங்க."

மெர்வின் சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமி எழுந்தது. இறங்கி வந்து பானெட்டின் பக்கத்தில் நின்று, கண்ணை மூடாமல் கூட்டத்தைப் பார்த்தார்.

எல்லோரும் தங்கள் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மக்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவனுக்கு வேட்டு வைப்பதற்கு முன்னால் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். வேட்டு வெடித்துவிட்டால் கோப்பைக்குள் பார்ப்பார்கள்.

"இந்த வருஷம் வசந்தம் தாமதம்தான்" என்றார் ஒருவர்.

"ஆமாமா" என்றார் இன்னொருவர்.

மெர்வின் மெதுவாகத் திரும்பினார். நாக்கில் தொட்டுக் கையை ஈரமாக்கிக்கொண்டு, எல்லோரும் பார்க்க, மேனிபோல்டின் பக்கத்தில் நீட்டினார். உள்ளங்கையில் சுடச்சுட ஊதியது. டிக், டிக், டிக். காதுக்கு வராதது கைக்கு வந்தது. கடிகாரம் மாதிரி என்று பெரில் சொன்னது சரிதான்.

அவர் நிமிர்ந்தார். மெர்வின் டக்கெட்டிடம் நல்ல குணம் என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கணத்தில்தான் வெளியே வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, எப்போதும் சொல்லும் அதே குரலில் சொன்னார்:

"எக்ஸாஸ்ட் கசியுது. காது கேக்காதவனாப் பாத்து வித்துட வேண்டியதுதான்."

டாக்டர் ஆல்சப் சிரித்தார். "தலைவருக்குக் குசும்பு இன்னும் போகலப்பா!" உடனே கூட்டம் முழுக்கச் சிரித்தது.

"இல்ல டாக்டர், நெசமாத்தான் சொல்றேன்."

"என்ன நெசம்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே. நெவில், உனக்குக் கேக்குதா?"

"பூனை தூங்குற மாதிரி இருக்கு" என்றார் நெவில்.

"கையில ஊதுதுய்யா! வந்து தொட்டுப் பாருங்க!"

"கையை நீட்டிப் பாக்குறது குருட்டுப் பிச்சைக்காரன் வேலைன்னு நீங்கதானே சொல்லுவீங்க, தலைவரே" என்றார் டாக்டர் மிகவும் அன்பாக. "உங்க காது கேக்கலன்னா கசிவு இல்ல. அவ்வளவுதான். வாங்க, மத்த வண்டியெல்லாம் காத்திருக்கு."

அவருக்குத் தப்பிக்க வழி இல்லை. வரிசையோடு நடந்தார். ஒவ்வொரு காராகக் கிளப்பினார்கள். எல்லாம் ஒரே உறுமல். மேலே என்ன கிறீச்சிட்டதோ, என்ன தட்டியதோ, அவருக்குத் தெரியவில்லை. "நல்லா இருக்கு" என்றார். அடுத்ததற்கும் "நல்லா இருக்கு" என்றார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னார்கள். வால்வு வெளியே வந்து விழுந்துவிடும்போல அடித்துக்கொண்ட சிவப்புக் கார் ஒன்றுக்கும் "நல்லா இருக்கு" கிடைத்தபோது, பின்னால் நின்ற ஒருத்தி கணவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

தங்கக் குழாயைத் தம் காருக்கே கொடுக்கச் சொன்னார் மெர்வின். காதுப் பதவி வகிப்பவரின் கார் போட்டியில் இல்லை என்று நெவில் விதியைக் காட்டினார். யாருக்கும் தீர்ப்பு இல்லையென்றால் பழைய ஆளிடமே இருக்கட்டும் என்று டாக்டர் அதை மறுபடி அணைத்துக்கொண்டார். "பழகிப்போச்சு. மார்ஜரியோட தொப்பி வீட்டுல அதுலதான் தொங்கும்" என்றார். பிறகு இன்னொரு காரியமும் செய்தார். மெர்வின் டக்கெட் ஆயுள் முழுவதும் சங்கத்தின் காதாக இருக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். எல்லாக் கையும் உயர்ந்தது. காது இருந்தவரை அவரை எப்படிக் கழற்றுவது என்று யோசித்த சங்கம், அது போனபின் அவரை விடுவதாக இல்லை. யாருடைய காரும் இனிமேல் மோசமில்லை. இதைவிட நல்ல நீதிபதி எங்கே கிடைப்பார்? கைதட்டினார்கள். உள்ளங்கைகள் ஒன்றோடொன்று சேர்வதை மெர்வின் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் வழியில் ரயில் கேட் மூடியிருந்தது. இன்ஜினை நிறுத்தினார். பெரில் பக்கம் திரும்பி, அவள் உதட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"அன்னிக்குக் காரேஜுல... உனக்குக் கேட்டுச்சா?"

"நல்லாவே கேட்டுச்சே. முன்ன விட ஜாஸ்தியா."

"ஏண்டி சொல்லல?"

"மொதல்ல ஒரு தடவை சொன்னேனேய்யா" என்றாள் பெரில், தலைத்துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டு. "எனக்குத்தான் காதே இல்லன்னுட்டியே."

கேட் திறந்தது. கிளப்பினார். இன்ஜின் இப்போது சூடாக இருந்தது. சூட்டில் இரும்பு விரிந்து கசிவு தானே அடைத்துக்கொண்டிருக்கும், டிக் நின்றிருக்கும். அதற்கும் அவரிடம் சாட்சி இல்லை. ஊர் எல்லை தாண்டி வயல்களுக்கு நடுவே வந்தபோது, கண்ணாடியில் ஏதோ அசைவு தெரிந்து பக்கவாட்டில் பார்த்தார். பெரில் வாயைத் திறந்து, கழுத்தை நிமிர்த்தி, காற்றுக்கு எதிராகப் பாடிக்கொண்டிருந்தாள். மேலே போகப் போக அவள் புருவம் உயர்ந்தது. எந்தப் பாட்டு என்று உதட்டை வைத்துக் கண்டுபிடித்தார். அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டுதான்.

சுருதி இறங்குகிறதா என்று கேட்பதற்காக, பழக்கதோஷத்தில், மெர்வின் கண்ணை மூடப் போனார். வண்டி ஓட்டுகிறோம் என்பது ஞாபகம் வந்து திறந்துகொண்டார்.